நான்கு போதும், ஏழு வேண்டும்: கடல் கடந்த செவிலியரும் ஆங்கில வாயிலும்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் செல்லும் நெடுஞ்சாலையில் கூட்டேரிப்பட்டில் இறங்கிக் கிழக்கே திரும்பினால் மயிலம். குன்றின் மேல் முருகன் கோயில். அடிவாரத்தில், பொம்மபுர ஆதீனம் 1938இல் தொடங்கிய தமிழ்க் கல்லூரி. சற்றுத் தொலைவில் ஒரு பொறியியல் கல்லூரி. ஒரு காலத்தில் இவ்வட்டாரத்தில் படிப்பு வாய்த்தவர்கள் புலவர் பட்டம் பெற்றுத் தமிழாசிரியராவதைப் பெருங்கனவாகக் கொண்டிருந்தனர். இன்று அதே ஊர்களில் கனவின் வரிசை வேறு: செவிலியர் படிப்பு அல்லது பொறியியல் பட்டயம், அதன்பின் கடவுச்சீட்டு, அதன்பின் ஏதேனும் ஒரு நாடு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அன்றைய விழுப்புரம் மாவட்ட மக்களில் ஏறத்தாழ 29 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். மாநில அளவில் அது 20 விழுக்காடு. எனவே இம்மாவட்டத்திலிருந்து வெளிநாடு செல்வோரின் கதையைப் பேசும்போது, காலனித் தெருக்களிலிருந்து முதல் பட்டதாரியாகப் புறப்பட்டவர்களை விட்டுவிட்டுப் பேச இயலாது.

அவர்கள் கடல் கடந்தபின் அவர்களுடைய பட்டத்திற்கு என்ன நேர்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. புலம்பெயர்வு குறித்து நம் ஊடகங்களில் எழுதப்படுவதெல்லாம் முகவர் மோசடி, சடலம் மீட்பு, அனுப்பப்படும் பணம் ஆகிய மூன்றைச் சுற்றியே நிற்கின்றது. படித்த தொழிலைப் பறிகொடுத்துவிட்டு, அதனினும் கீழான வேலையில் நின்றுகொண்டு, ஆங்கிலத்தின் துணையால் அத்தொழிலை மீட்க முயல்வோரின் நிலை ஏனோ எவர் கவனத்தையும் ஈர்ப்பதில்லை.

ஒரு வாழ்க்கையை எண்ணிப் பார்ப்போம். மயிலத்தை அடுத்த ஒரு காலனியில் பிறந்து, அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, விடுதியில் தங்கிச் செவிலியர் பட்டம் பெற்ற பெண். அரசுப் பணிக்குக் காத்திருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு அண்மைய வரலாறே சான்று. 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வெழுதித் தேறிய செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டனர். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவத் துறை வளாகத்தில் அமர்ந்து போராட வேண்டியிருந்தது. கொரோனாக் காலத்தில் ஒப்பந்த அடிப்படையில் எடுக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்கள் 2022 இறுதியோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். தனியார் மருத்துவமனை ஊதியத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. இந்நிலையில் அப்பெண்ணுக்கு இங்கிலாந்து ஒரு வழியைத் திறந்தது. 2022 பிப்ரவரியில் முதியோர் பராமரிப்புப் பணியாளர்களுக்கு அந்நாடு விசா வழங்கத் தொடங்கிற்று. செவிலியராகப் போக இயலாதவர்கள் பராமரிப்புப் பணியாளராகப் போயினர். போய்ச் சேர்ந்தபின் தேர்வெழுதிச் செவிலியராகிவிடலாம் என்பதே எல்லோரும் சொன்ன கணக்கு.

ஏன் நேரே செவிலியராகப் போக இயலவில்லை? இங்குதான் ஆங்கிலம் வருகிறது.

பராமரிப்புப் பணி விசாவுக்கு அப்போது கேட்கப்பட்ட ஆங்கிலத் தகுதி, ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் ஒவ்வொரு பிரிவிலும் 4. அந்நாட்டின் செவிலியர் மற்றும் மகப்பேற்றுச் செவிலியர் மன்றம் தன் பதிவேட்டில் பெயர் சேர்க்கக் கேட்பதோ, மொத்தத்தில் 7; படித்தல், கேட்டல், பேசுதல் ஒவ்வொன்றிலும் 7; எழுத்தில் மட்டும் 6.5. அதற்கு மாற்றாக மருத்துவத் துறையினர்க்கென்றே உள்ள ஓ.இ.டி. தேர்வை எழுதலாம். அதில் மூன்று பிரிவுகளில் ‘பி’ தரமும் எழுத்தில் ‘சி பிளஸ்’ தரமும் வேண்டும். முதியவரைத் தூக்கி உட்காரவைக்க, குளிப்பாட்ட, மலசலம் துடைக்க, இரவெல்லாம் அருகிருந்து பார்த்துக்கொள்ள நான்கு போதும். அதே முதியவர்க்கு மாத்திரை கொடுக்க, புண்ணுக்குக் கட்டுப்போட, மருத்துவர்க்கு எழுத ஏழு வேண்டும். உடல் அழுக்கைத் தொடும் வேலையை ஒரு சாராரிடமும், தொழில் அறிவை வேறொரு சாராரிடமும் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாட்டை நாம் வேறோர் இடத்திலும் கண்டிருக்கிறோம். இங்கிலாந்தில் அதற்குச் சாதியின் பெயரில்லை, மதிப்பெண்ணின் பெயர் இருக்கிறது. இரண்டும் ஒன்றென்று நாம் வாதிடவில்லை. ஆனால் நம் பெண்கள் அந்த இல்லங்களின் கழிவறைகளில் நிற்கும்போது அவர்களுக்கு இந்த ஒப்புமை தோன்றாமலிராது.

நோயாளியின் பாதுகாப்புக்கு மொழித் தேர்வு தேவையே. மருந்தின் அளவைத் தவறாகக் கேட்டுக்கொண்ட செவிலியர் உயிருக்கு ஆபத்தாவார். தேர்வை எடுத்துவிடுங்கள் என்று நாம் கேட்கவில்லை. நாம் சுட்டிக்காட்டுவது ஒரு முரண்பாட்டை. இந்தியாவில் செவிலியர் கல்வியின் பயிற்றுமொழி ஆங்கிலம். தேர்வும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகிறது. அப்பட்டம் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டது என்று உரிய நிறுவனத்தின் உறுதிச் சான்று பெற்றுக் காட்டினால், பிரித்தானிய விசா அலுவலகம் அதையே ஆங்கிலத் தகுதியாக ஏற்றுக்கொள்கிறது. செவிலியர் மன்றமோ அதை மட்டும் ஏற்பதில்லை. ஏனெனில் இந்தியா, ஆங்கிலத்தைப் பெரும்பான்மையோர் பேசும் நாடுகளின் பட்டியலில் இல்லை. ஒரே பட்டம், உழைப்பாளியாக நாட்டுக்குள் நுழையும்போது ஆங்கிலப் பட்டம். தொழிலராகப் பதிவு கேட்கும்போது ஆங்கிலமற்ற பட்டம். இந்த இடைவெளியின் விலை என்னவென்று கணக்கிடுவது கடினமன்று. 2025-26இல் இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையில் புதிதாகச் சேரும் செவிலியரின் ஆண்டு ஊதியம் 31,049 பவுண்டு. 2025 ஏப்ரல் முதல் பராமரிப்புப் பணி விசாவின் குறைந்தபட்ச ஊதியம் 25,000 பவுண்டு. ஆண்டுக்கு ஏறத்தாழ 6,000 பவுண்டு வேறுபாடு. செவிலியர் பயிற்சி பெற்ற கைகளைப் பராமரிப்புப் பணியாளர் விலைக்குப் பெறும் இல்லத்துக்கு அது ஆதாயம். நம் பெண்ணுக்கு அது இழப்பு.

இனி, அந்த ஏழு ஏன் எட்டாக்கனியாகிறது என்பதைப் பார்க்க வேண்டும். ‘நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வராது’ என்பது சோம்பேறித்தனமான விடை. ஓ.இ.டி. எழுத்துத் தேர்வில் ஒரு நோயாளி பற்றிய குறிப்புகள் கொடுக்கப்படும். அவற்றைப் படித்து, தேவையானவற்றை மட்டும் தெரிந்தெடுத்து, வேறொரு மருத்துவருக்கோ செவிலியருக்கோ ஒரு கடிதம் எழுத வேண்டும். நேரம் 45 நிமிடம். எல்லாக் குறிப்புகளையும் வரிசையாக எடுத்தெழுதினால் மதிப்பெண் குறையும். எதை விடுவது என்ற தீர்மானமே அங்கு சோதிக்கப்படுகிறது. பேச்சுத் தேர்வில் இரண்டு நோயாளிப் பாத்திரங்கள் நடிக்கப்படும். பயந்திருப்பவரை ஆற்றுதல், மறுப்பவரைச் சம்மதிக்கவைத்தல் ஆகியவற்றை அங்கே பேசிக் காட்ட வேண்டும். ஐ.இ.எல்.டி.எஸ். தேர்விலோ ஒரு வரைபடத்தை விவரித்தபின், ஏதேனும் ஒரு பொதுக் கருத்தின் மீது குறைந்தது 250 சொற்களில் தன் வாதத்தை எழுத வேண்டும்.

நம் வகுப்பறையில் இவற்றில் எது நடந்தது? ஆங்கிலம் அங்கே மனனம் செய்யும் பாடம். வினாவங்கியிலிருந்து விடை, விடையிலிருந்து மதிப்பெண். செவிலியர் கல்லூரிக்கு வந்தபின் பாடநூல் ஆங்கிலம், விரிவுரை தமிழ், தேர்வுத்தாள் மீண்டும் மனனம் செய்த ஆங்கிலம். நான்காண்டுகளில் ஒரு முறையேனும் ‘இந்த நோயாளியைப் பற்றி உன் சொற்களில் ஒரு பக்கம் எழுது’ என்று கேட்கப்பட்டிருந்தால், அதைத் திருத்திக் கொடுக்க ஓர் ஆசிரியர் இருந்திருந்தால், கதை வேறாயிருக்கும். ஆங்கிலவழி என்று பெயரெழுதிய கல்வியில் ஆங்கிலத்தைக் கற்பிக்காமல் பட்டம் கொடுப்பது ஒரு வகைக் கடன். அக்கடனை அவள் இங்கிலாந்தில், வட்டியோடு, தன் உறக்கத்தால் அடைக்கிறாள். நகரத்து நடுத்தர வகுப்பாருக்கு இதே கல்லூரி இதே குறையோடுதான் பட்டம் கொடுக்கிறது. ஆனால் அவர்களுக்கு வீட்டிலே ஆங்கிலம் இருந்தது. அக்குறையை ஈடுகட்ட எதுவுமில்லாதவர்களிடம்தான் அது குறையாகவே வெளிப்படுகிறது.

தேர்வுக் கட்டணம் ஒருபுறம். ஓ.இ.டி. ஒரு முறை எழுத நூற்றுக்கணக்கான ஆஸ்திரேலிய டாலர். தேறினால், அதன்பின் தகுதி மதிப்பீடு 140 பவுண்டு, கணினித் தேர்வு 83, செய்முறைத் தேர்வு 794, பதிவு 153, ஆக 1,170 பவுண்டு. ஏற்கெனவே முகவர்க்குக் கொடுத்த இலட்சங்களுக்காக வட்டி கட்டிக்கொண்டிருக்கும் வீட்டில், நிலமும் இல்லை, அடகு வைக்க மிஞ்சிய நகையும் இல்லை. ஓர் எழுத்துப் பிரிவில் அரைப் புள்ளி குறைந்ததற்காக மீண்டும் ஒரு முழுக் கட்டணம் என்பது அவ்வீட்டில் எளிதாக எடுக்கும் முடிவன்று.

பணத்தைவிடக் கொடிது நேரம். 1913இல் கொலம்பியாவுக்குச் சென்ற அண்ணல் அம்பேத்கருக்குப் பரோடா அரசரின் உதவித்தொகை இருந்தது. அதனால் நூலகத்தில் நாள்முழுதும் இருக்க முடிந்தது. அத்தொகையின் காலம் முடிந்தபோது, 1917இல், இலண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப நேர்ந்தது. 1920இல்தான் மீண்டும் சென்று முடித்தார். அவரைப் போன்ற பேருழைப்பாளிக்கே உதவித்தொகை நின்றால் படிப்பும் நின்றது என்பதை நம் மாணவர்கள் மறக்கலாகாது. பன்னிரண்டு மணிநேர இரவுப் பணி முடித்து, பேருந்துக்கு நின்று, நால்வர் பகிர்ந்துகொண்ட அறையில் வந்து விழும் ஒரு பெண்ணிடம் ‘மனமிருந்தால் மார்க்கமுண்டு’ என்று சொல்வது அறிவுரை ஆகாது. அவளுடைய வேலையும் ஆங்கிலம் கற்பிப்பதில்லை. பராமரிப்பு இல்லத்தில் அவள் நாள்முழுதும் கேட்பதும் பேசுவதும் சில நூறு சொற்களே: எழுந்திருங்கள், திரும்புங்கள், வலிக்கிறதா, தேநீர் வேண்டுமா. மறதிநோய் கண்ட முதியவர்கள் பலர் விடையே சொல்வதில்லை. ஆங்கில நாட்டில் வாழ்ந்தால் ஆங்கிலம் தானே வரும் என்ற நம்பிக்கை, யாரோடு, எந்த வேலையில் வாழ்கிறோம் என்பதைக் கணக்கில் கொள்ளாத நம்பிக்கை.

2023 பிப்ரவரியில் ஒரு தளர்வு வந்தது. பிரித்தானியாவிலுள்ள இந்தியச் செவிலியர்கள், குறிப்பாக மலையாளிகள், தொடர்ந்து குரல் கொடுத்ததும் அதற்கு ஒரு காரணம். ஒரு பிரிவில் மட்டும் அரைப் புள்ளி தவறியவர்கள், அல்லது ஆங்கிலத்தில் செவிலியர் படிப்பு முடித்தவர்கள், அந்நாட்டின் மருத்துவ அல்லது பராமரிப்புத் துறையில் ஓராண்டு பணியாற்றியிருந்தால், அவர்களுடைய ஆங்கிலம் பணிக்குப் போதுமானது என்று முதலாளி தரும் சான்றையும் மன்றம் கணக்கில் கொள்ளும். இரு முறை எழுதிய தேர்வுகளின் மதிப்பெண்களை இணைக்கும் கால வரம்பும் ஆறு மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதமாயிற்று. இத்தளர்வை நாம் வரவேற்கிறோம். நம்மூர்ப் பெண்கள் பலர் இதை அறியாமலே முழுத் தேர்வுக்கு மீண்டும் மீண்டும் பணம் கட்டிக்கொண்டிருக்கக்கூடும் என்பதால் இங்கு விரிவாகவும் குறிப்பிடுகிறோம்.

ஆயினும் அச்சான்றை எழுதிக் கையொப்பமிட வேண்டியவர் யார்? பணிமேலாளர். மேலொப்பமிட வேண்டியவர் அவருக்கும் மேலே உள்ளவர். அவளுடைய விசாவோ அதே நிறுவனத்தின் உரிமத்தோடு கட்டப்பட்டது. அவ்வுரிமம் இரத்தானால் அறுபது நாட்களில் வேறு முதலாளியைத் தேடிக்கொள்ள வேண்டும். இல்லையேல் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். 2022 சூலை முதல் 2024 டிசம்பர் வரை 470க்கும் மேற்பட்ட பராமரிப்பு நிறுவனங்களின் உரிமத்தைப் பிரித்தானிய உள்துறை இரத்துச் செய்தது. அவற்றோடு தொடர்புடைய பணியாளர்கள் 39,000க்கும் மேல். இத்தகைய துறையில், ‘இவள் செவிலியராகத் தகுதியானவள், இனி எங்களுக்குப் பராமரிப்புப் பணியாளராக இருக்கமாட்டாள்’ என்று எழுதிக் கொடுக்க ஒரு முதலாளிக்கு என்ன அவசரம்? நல்ல மேலாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒருவரின் தொழில் உரிமை மற்றொருவரின் நல்லெண்ணத்தைச் சார்ந்திருக்கும் நிலையை, பண்ணையாரின் சொல்லுக்காகக் காத்திருந்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் எளிதாக அடையாளம் கண்டுகொள்வர்.

ஓ.இ.டி. தேர்வு பிறந்தது 1980களின் ஆஸ்திரேலியாவில். அந்நாட்டில் குடியேறிய வெளிநாட்டு மருத்துவத் தொழிலர்களைச் சோதிப்பதற்காக. அதை உருவாக்குவதில் முதன்மையானவர் மொழியியலாளர் டிம் மெக்னமாரா. பிற்காலத்தில் அவரே, மொழித் தேர்வுகள் ஆளைப் பிரித்து நிறுத்தும் கருவிகளாகும் ஆபத்தைப் பற்றி எழுதினார். அதற்கு விவிலியத்தின் நியாயாதிபதிகள் நூலிலுள்ள ‘ஷிபோலேத்’ கதையை எடுத்துக்காட்டினார். யோர்தான் ஆற்றுத் துறையில் ஒரே ஒரு சொல்லைச் சொல்லச் சொல்லி, உச்சரிப்புத் தவறியவர்களை எதிரிகள் என்று கண்டு கொன்ற கதை அது. நம் சபைகளில் அப்பகுதி வாசிக்கப்படுகையில் நாம் அதைப் பழங்கதை என்றே கேட்டிருப்போம். தேர்வை ஆக்கியவரே அதன் மறுபக்கத்தைக் கண்டார் என்பது, தேர்வை விமர்சிப்பவர்களைச் சோம்பேறிகள் என்று ஏசுவோர்க்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

செவிலியத்துக்கும் திண்டிவனத்துக்கும் உள்ள உறவு இன்று நேற்றுத் தொடங்கியதன்று. ஆற்காடு மிஷனைச் சேர்ந்த மருத்துவரின் மகளான இளம் ஐடா ஸ்கடர், 1890களை ஒட்டிய ஓர் இரவில், ஆண் மருத்துவரை அனுமதிக்காத மூன்று வீடுகளில் மூன்று பெண்கள் பிரசவத்தில் மாண்டதைக் கண்டது இந்தத் திண்டிவனத்தில்தான். அதன் விளைவே வேலூர் மருத்துவமனை. 1909இல் அங்குத் தொடங்கிய செவிலியர் பயிற்சி. மேல்சாதியினர் தீட்டென்று விலகி நின்ற தொழிலுக்குள் மிஷன் பள்ளிகளில் படித்த ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் வந்தனர். அதனூடே ஆங்கிலமும் அவர்களிடம் வந்தது. தொழிலும் மொழியும் ஒன்றாகக் கையளிக்கப்பட்ட காலம் அது. இன்று தொழில் கையளிக்கப்படுகிறது, மொழி விடுபட்டுப்போகிறது.

இன்னொரு முன்னோடியும் நமக்குண்டு. மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கியவர். பின்னர்த் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்தார். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களின் வழக்குகள் நடந்த நாடு அது. வெள்ளை நீதிபதிக்கும் கூலிக்கும் நடுவே நின்றவருடைய ஆங்கிலத்தைப் பொறுத்தே கூலியின் சொல் சபையேறும் அல்லது சபையேறாது. 1921இல் தாயகம் திரும்பி, சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இடம்பெற்று, பொதுச்சாலைகளிலும் பொதுக்கிணறுகளிலும் ஒடுக்கப்பட்டோர்க்கு உரிமையுண்டு என்ற தீர்மானத்தை 1924இல் கொண்டுவந்தார். 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் அமர்ந்தார். புலம்பெயர்ந்த ஓர் ஊழியரின் ஆங்கிலம் ஊருக்குத் திரும்பி வந்து என்ன செய்யும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று நமக்கு வேண்டுவதில்லை.

இவ்விடத்தில் நம் இயக்கங்களுக்குள் நெடுநாளாக நடக்கும் ஒரு வாதத்தைத் தொடாமல் செல்வது நேர்மையாகாது. திண்டிவனம் தாய்த்தமிழ்க் கல்விக்காக உழைத்தவர்களின் ஊர். தாய்மொழியில் சிந்திக்கக் கற்ற குழந்தைக்கே பிறமொழி நன்கு வரும் என்பது அவர்களின் நிலைப்பாடு. மறுபுறம், ஆங்கிலமே விடுதலையின் மொழி என்கிறார் காஞ்சா அய்லய்யா. உத்தரப்பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில் 2010இல் சந்திரபான் பிரசாத் ‘ஆங்கிலத் தேவிக்கு’க் கோயிலே எழுப்ப முனைந்தார். நம் பார்வையில், செவிலியரின் நிலை இந்த வாதத்தை வேறோர் இடத்துக்கு நகர்த்துகிறது. அவள் தோற்பது சொல்வளத்தில் அன்று. தன் கருத்தை ஒழுங்குபடுத்தி எழுதும் பழக்கத்தை எந்த மொழியிலும் அவளுக்கு எவரும் தரவில்லை. தமிழில் ஒரு பக்கம் தானாக எழுதிப் பழகியவள் ஆங்கிலத்தில் அதை விரைவில் கற்பாள். தமிழ்வழியா, ஆங்கிலவழியா என்று பலகையை மாற்றுவதில் தமிழக அரசு காட்டிய அக்கறையை (அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் 2012-13 முதல் வந்தன) எழுதக் கற்பிப்பதில் காட்டவில்லை. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் பற்றி இதைச் சொல்லும்போது இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் ஊர்களிலிருந்து செவிலியரைக் காட்டிலும் நெடுங்காலமாகச் சிங்கப்பூர் செல்லும் கட்டுமானத் தொழிலாளர்க்கும் இது பொருந்தும். பொறியியல் பட்டயம் பெற்றவர் அங்கே கம்பி கட்டுகிறார். 2024 சனவரி முதல், உயர்திறன் பெற்றவராக வகைப்படுத்தப்பட்ட தொழிலாளிக்கு நிறுவனம் அரசுக்குச் செலுத்தும் மாதத் தீர்வை 500 வெள்ளி. அடிப்படைத் திறனாளிக்கு 900 வெள்ளி. மேற்பார்வையாளர் பாதுகாப்புப் பயிற்சி போன்றவற்றில் சேர ஆங்கில எழுத்தறிவு கேட்கப்படுகிறது. ஒரு வேறுபாடு கவனிக்கத்தக்கது. அங்கே 2013இல், வங்கதேசத்திலிருந்து சிறுவனாக ஆங்கிலம் அறியாமல் வந்த சஜ்ஜாத் ஹுசைன் என்ற இளைஞர், தொழிலாளர்க்கு ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்கிய முயற்சி ‘எஸ்.டி.ஐ. அகாடமி’ என்னும் நிறுவனமாக வளர்ந்தது. தொழிலாளியின் ஓய்வு நாளைக் கணக்கிட்டு, கட்டுமானத் தளத்தில் அவன் நாளும் கேட்கும் சொற்களிலிருந்து தொடங்கிய பாடம் அது. இத்தகைய தொடக்கம் நம்மிடையேயும் இயலாததன்று.

அரசு என்ன செய்கிறது? எதுவுமில்லை என்று சொல்வது உண்மையாகாது. 1974இல் தொடங்கப்பட்ட தாட்கோ, ஆதிதிராவிட, பழங்குடி இளைஞர்களுக்கு ஐ.இ.எல்.டி.எஸ். உள்ளிட்ட தேர்வுகளுக்கும், செவிலியர்களுக்கு செருமன் மொழிக்கும் பயிற்சி அளிக்கிறது. 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இயங்குகிறது. 2021இல் அயலகத் தமிழர் நலனுக்கென்று தனித்துறையே வந்துவிட்டது. கேரளத்தில் நோர்க்கா நிறுவனம் 2022இல் அயல்மொழிப் பயிலகம் தொடங்கி, வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோர்க்கும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்க்கும் கட்டணமின்றியும், ஏனையோர்க்குப் பெருமளவு மானியத்துடனும் ஓ.இ.டி. கற்பிக்கிறது. ஆனால் இவையெல்லாம் புறப்படுமுன் பெறத்தக்கவை. விமானம் ஏறியவுடன், அவள் தாட்கோவின் பதிவேட்டில் இல்லை. கடன் கட்டுபவளாகவும் பணம் அனுப்புபவளாகவும் மட்டுமே எஞ்சுகிறாள். தொழிலை மீட்க ஆங்கிலம் கற்க வேண்டிய காலம் அப்போதுதான் தொடங்குகிறது என்பதைத் திட்டம் வகுத்தவர்கள் எண்ணவில்லை.

எனவே நம் கோரிக்கைகள் எளியவை, செலவும் குறைவு. தாட்கோ நடத்தும் ஆங்கிலப் பயிற்சி, வெளிநாட்டில் பணியிலிருக்கும் பட்டியல் சாதி, பழங்குடிச் செவிலியர்க்கும் பட்டயப் பொறியாளர்க்கும் இணையவழியில் திறக்கப்பட வேண்டும். வகுப்பு நேரம் சென்னை அலுவலக நேரமாக இருத்தலாகாது. இங்கிலாந்தில் இரவுப் பணி முடித்து உறங்கி எழும் பிற்பகல், நமக்கு இரவு எட்டு, ஒன்பது மணி. முதல் முறை தவறியவருக்கு மறுதேர்வுக் கட்டணத்தைக் கடனாகவேனும் தர வேண்டும். ஓ.இ.டி. எழுத்துப் பிரிவுக்கு ஈடான ஒரு கடிதப் பயிற்சியை, தமிழ்நாடு எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின்கீழ் உள்ள செவிலியர் கல்லூரிகளில் மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் கட்டாயமாக்க வேண்டும். ‘நான் முதல்வன்’ திட்டத்தில் இதற்கு இடமுண்டு. பேச்சு ஆங்கிலத்தோடு அது நின்றுவிடலாகாது. வெளிநாடுகளிலுள்ள அம்பேத்கரிய அமைப்புகளிடமும் ஒன்று கேட்கிறோம். ஏப்ரல் 14 கூட்டத்துக்கு மண்டபம் பிடிக்கும் அதே பட்டியலைக் கொண்டு, ஏற்கெனவே பதிவு பெற்ற ஒரு செவிலியரையும் தேர்வுக்கு நிற்கும் இருவரையும் இணைத்துவிட முடியாதா? மலையாளிச் செவிலியர்கள் தங்கள் சபைகளிலும் சங்கங்களிலும் வாரந்தோறும் செய்வது இதைத்தான். நம்மவர்க்கு அவ்வலைப்பின்னல் இல்லாததுதான் அரைப் புள்ளியாக வெளிப்படுகிறது.

அவசரம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2025 சூலை 22 முதல் பராமரிப்புப் பணியாளர்களை வெளிநாட்டிலிருந்து எடுப்பதை இங்கிலாந்து நிறுத்திவிட்டது. ஏற்கெனவே அங்கிருப்பவர்கள் விசாவை நீட்டிக்கவும் முதலாளியை மாற்றவும் 2028 சூலை 22 வரை, மீளாய்வுக்கு உட்பட்ட ஓர் இடைக்காலச் சலுகை உண்டு. நிரந்தரக் குடியுரிமைக்குக் காத்திருக்கும் ஆண்டுகளை, பட்டப்படிப்புத் தரத்துக்குக் கீழான வேலையில் இருப்போர்க்கு ஐந்திலிருந்து பதினைந்தாக நீட்டும் முன்மொழிவு 2025 நவம்பரில் வெளியாயிற்று. செவிலியர் பதிவு பெற்றவர் அவ்வகையில் சேரமாட்டார். அந்த இல்லங்களில் இவ்விரவு பணியிலிருக்கும் விழுப்புரத்துப் பெண்ணுக்கு எழுத்துத் தேர்வில் தேவைப்படும் அந்த அரைப் புள்ளி, இனி அவள் அந்நாட்டில் இருப்பதா, கடனோடு ஊர் திரும்புவதா என்பதையும் தீர்மானிக்கும். தாட்கோவின் அடுத்த பயிற்சி அறிவிப்பில் ‘தமிழ்நாட்டில் வசிப்பவராக இருத்தல் வேண்டும்’ என்ற வரி இருக்குமா, நீக்கப்படுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.